புளியோதரை கட்டிக்கிட்டு பீர் கார்டனுக்கு: மியூனிக் டைரி

நாள் 1, சனிக்கிழமை

ஜெர்மனில தம்பி இருக்கிற மியூனிக்குக்கு வந்து சேந்தாச்சு. ஃபிளைட்ல அப்பா ஒரு பொட்டு தூங்கல, அவர் தூங்கலன்னு நானும் தூங்கல, தம்பி வீட்டுக்கு வந்து குளிச்சு காபி குடிச்சதும் அப்டியே சாஞ்சா போதும்னு இருந்துச்சு, ஆனா தம்பி விடல. "இப்ப படுத்தா ஜெட்லாக் நாலு நாளைக்கு போகாதுக்கா, கெளம்பு, வெளிய சாப்பிட்டுக்கலாம்"னு எல்லாரையும் கெளப்பிட்டான். ஜூலை மாசம், 31 டிகிரி. ஐரோப்பான்னா குளிரும்னு நான் பொட்டி நெறைய ஸ்வெட்டர் அடுக்கிட்டு வந்திருக்கேன், தம்பி பொண்டாட்டி அதப் பாத்து வாயே தொறக்காம பீரோ மேல தூக்கி வச்சுட்டா.

யாரு யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் மேல படிக்க வசதி. அப்பாவுக்கு 71. தாலுகா ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாழ்க்கைல ஒரு சொட்டு தொட்டதில்ல, தொடுறவங்க கூட ஒரே பெஞ்சுல உக்காந்ததும் இல்ல. ஒயின்ஷாப் இருக்குன்னு நல்லா இருக்கிற ரோட்ட விட்டுட்டு ரெண்டு தெரு சுத்திப் போற ஆளு. தம்பி, அவன் வீட்டம்மா, ஆறு வயசுல ஒரு வாலு. அப்புறம் நான். நான் எப்பவாவது ஃபிரெண்ட்ஸ் கூட கொஞ்சமா... சரி விடுங்க, அது அப்புறம்.

தம்பி அப்பாகிட்ட "தோட்டத்துல உக்காந்து சாப்பிடப் போறோம்பா"னு மட்டும் சொல்லியிருக்கான். பொய்யில்லதான், கார்டன்னா தோட்டம்தான. முன்னாடி இருக்கிற வார்த்தைய மட்டும் முழுங்கிட்டான்.

மரியன்பிளாட்ஸ் ஸ்டேஷன்ல எறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தா விக்டுவாலியன்மார்க்ட். 1807ல இருந்து நடக்கிற சந்தை, நிரந்தரமா கடை போட்டிருக்காங்க, ஒரு பக்கம் காய், ஒரு பக்கம் தேனு, சீஸு, பூவு. அப்பாவுக்கு சந்தைன்னா உசுரு, ஒவ்வொரு கடையிலயும் வெல பாத்து யூரோவ ரூபாயா மாத்திட்டே வந்தாரு. நட்ட நடுவுல நீலமும் வெள்ளையும் சுத்தின ஒரு ஒசரமான கம்பம், அத சுத்தி பெரிய பெரிய செஸ்ட்நட் மரம், மரத்தடியில நீள நீளமா பெஞ்சு, பெஞ்சு நெறைய சனம், சனத்துக்கு முன்னாடி கைப்பிடி போட்ட கண்ணாடி குவளை.

அப்பா நின்னுட்டாரு. "என்னடா குடிக்கிறாங்க எல்லாரும்?"

தம்பி போர்டப் படிக்கிற மாதிரி திரும்பிக்கிட்டான். அந்த போர்டுல என்னன்னா, இப்ப எந்த கம்பெனி பீர்னு எழுதியிருக்கு. மியூனிக்ல பெரிய பீர் கம்பெனி ஆறு, அவுகுஸ்டினர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்பிராய், லோவன்பிராய், பவுலானர், ஷ்பாட்டன். மத்த பீர் கார்டன் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனிகூட கட்டுப்பட்டது, இந்த சந்தைல மட்டும் ஆறு பேருக்கும் மொறை வச்சு மாத்தி மாத்தி வரும். கோயில் திருவிழால மண்டகப்படி மாதிரின்னு நான் சொன்னேன், அப்பா என்ன ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

ஆனா திரும்பிப் போகவும் முடியல, பசி. காலி இடம்னு தனியா டேபிள் எல்லாம் கெடைக்காது, ஏற்கனவே ஆள் இருக்கிற பெஞ்சுல "இங்க யாரும் இல்லையே?"ன்னு கேட்டுட்டு ஓரமா ஒட்டிக்கணும். எங்களுக்கு கெடச்ச பெஞ்சுல ஒரு பக்கம் தள்ளுவண்டில கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, எதுக்க அதோட பாட்டி போல, பாட்டி முன்னாடி அரை லிட்டர். அப்பா பெஞ்சுல குறுக்கால உக்காந்து முகத்த காய்கறி கடை பக்கம் திருப்பிக்கிட்டாரு.

அவருக்கு தம்பி வாங்கிட்டு வந்தது ஆப்ஃபெல்ஷோர்லெ. ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்தது, அவ்ளோதான், கொழந்தைங்க குடிக்கிறது. ஆனா அதே குவளை, அதே தங்க கலரு, மேல முத்து முத்தா நொர. வச்சதும் அப்பா கைய பின்னால இழுத்துக்கிட்டாரு. நான் குடிச்சுக் காமிச்சேன், பேரன் குடிச்சுக் காமிச்சான், அப்புறமா மோந்து பாத்துட்டு ஒரு வாய் வச்சாரு. பத்து நிமிஷத்துல குவளை காலி. பிரெட்சன்னு முடிச்சு போட்ட மாதிரி ஒரு ரொட்டி, அதுல ஒட்டியிருந்த கல்லுப்ப ஒவ்வொண்ணா தட்டி விட்டுட்டு முழுசா சாப்பிட்டாரு. வெறும் தண்ணி கேட்டதுக்கு கேஸ் அடைச்ச தண்ணி வந்துச்சு, கேஸ் இல்லாததுன்னு தனியா சொல்லணுமாம், தெரிஞ்சு வச்சுக்கங்க.

ராத்திரி ஒம்பது மணிக்கும் வெயில் அடிக்குது. அப்பா ஸ்கிரீன இழுத்து விட்டுட்டு படுத்துட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் பேசல.

நாள் 2, ஞாயித்துக்கெழம

இன்னைக்கு வீட்ல இருந்து சாப்பாடு கட்டிட்டு போலாம்னு பிளான் போட்டோம், ஃபிரிட்ஜ தொறந்தா பாலும் ரெண்டு தக்காளியும். ஞாயித்துக்கெழம இந்த ஊர்ல சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடிருவாங்க, பேக்கரி கொஞ்ச நேரம் தொறப்பாங்க, ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடை ஒண்ணு ரெண்டு இருக்கும். "நேத்தே வாங்கியிருக்கணும் அண்ணி, நீங்க வர்ற குஷில மறந்துட்டேன்"னு தம்பி பொண்டாட்டி. ஞாயித்துக்கெழம கறிக்கடைல கூட்டம் நிக்கிற ஊர்ல இருந்து வந்தவளுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு.

குரூப் டே டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, அஞ்சு பெரியவங்க வரைக்கும் ஒரே டிக்கெட், பஸ், டிராம், மெட்ரோ எல்லாத்துலயும் சுத்திக்கலாம். குடும்பமா வர்றவங்க அத வாங்குங்க. ஜிசெலாஸ்ட்ராஸெ ஸ்டேஷன்ல எறங்கி நடந்தோம், இங்க்லிஷர் கார்டன். 375 ஹெக்டேர் பார்க், ஊருக்கு நடுவுல. 1789ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சு வச்சவரு பெஞ்சமின் தாம்சன்னு அமெரிக்காவுல பொறந்தவரு. அமெரிக்காக்காரர் ஜெர்மனில போட்ட இங்கிலீஷ் தோட்டம், அதுக்குள்ள ஒரு சீனாக் கோபுரம். அந்த கோபுரமும் சீனாவப் பாத்து கட்டினதில்ல, லண்டன் கியூ தோட்டத்துல இருக்கிறதப் பாத்து கட்டினது. 25 மீட்டர், முழுக்க மரம். 1944ல குண்டு போட்டப்ப எரிஞ்சு போச்சு, 1952ல திரும்ப அதே மாதிரி கட்டிட்டாங்க.

கோபுரத்த சுத்தி 7000 பேர் உக்காரலாம். ஏழாயிரம்! நம்ம ஊர்ல பெரிய மண்டபத்துல மூணு பந்தி போட்டாலும் இவ்ளோ பேர் வர மாட்டாங்க. கோபுரத்தோட மொத அடுக்குல பேண்டு செட்டு உக்காந்து ஊதுறாங்க, டிரம்பெட், அந்த பெரிய டியூபா, எல்லாம் தோல் டவுசர் போட்ட மாமாங்க. வாசிக்கிறது என்னமோ தெரியல, ஆனா மாப்ள அழைப்புக்கு நடந்து போற மாதிரியே கால் தானா தாளம் போடுது. வாலு பயலுக்கு பக்கத்துலயே நூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு மர ராட்டினம், அதுல மூணு ரவுண்டு.

எப்டி வாங்கணும்னா, தட்ட எடுத்துக்கிட்டு நீங்களே வரிசைல போகணும், கோழிக்கு ஒரு கவுண்டர், மீனுக்கு ஒண்ணு, பிரெட்சனுக்கு ஒண்ணு, கடைசில பீர், அப்புறம் பில். பீர் ஒரு லிட்டர் குவளைல, பேரு எழுத்துல பாத்தா மாஸ், அவங்க சொல்றது மஸ். எனக்கு மாஸ்தான், அந்த குவளைய ரெண்டு கைல நாலு நாலா தூக்கிட்டு நடக்கிற ஆளுங்கள பாத்தா இன்ட்ரோ பிஜிஎம் போடணும் போல இருக்கு. காலி கிளாஸே ஒரு கிலோவுக்கு மேல. விலை நாங்க போனப்ப பத்து யூரோவுக்கு கொஞ்சம் முன்ன பின்ன. குவளைக்கு தனியா டெபாசிட், அதுக்கு ஒரு டோக்கன் தருவாங்க, குவளையும் டோக்கனும் திருப்பிக் குடுத்தா காசு. இந்த டோக்கன் விஷயம் காதுல விழுந்ததும் அப்பா கைய நீட்டி எல்லாத்தையும் வாங்கி சட்டப் பையில போட்டு மேல கைய வச்சுக்கிட்டாரு. அரசாங்க சொத்து மாதிரி.

இப்ப நான் சொல்லப் போறது அப்பாவுக்கு தெரியாது, படிக்கிற சொந்தக்காரங்க யாரும் போன் போட்டு சொல்லிடாதீங்க. தம்பி எனக்கு ராட்லர் வாங்கிட்டு வந்தான். பாதி பீரு, பாதி லெமன் சோடா. ராட்லர்னா சைக்கிள் ஓட்டுறவன்னு அர்த்தம். 1922ல மியூனிக்குக்கு வெளிய ஒரு சத்திரத்துக்கு 13000 சைக்கிள்காரங்க ஒரே நாள்ல வந்து நின்னாங்களாம், பீர் பத்தாம போகும்னு சத்திரக்காரர் யாரும் வாங்காம கெடந்த லெமன் சோடாவ பாதிக்கு பாதி ஊத்தி, உங்களுக்காகவே ஸ்பெஷலா பண்ணினதுன்னு சொல்லி வித்துட்டாராம். இப்டித்தான் கத சொல்றாங்க, ஆனா அந்த பேரு அதுக்கு முன்னாடியே பொழங்கியிருக்கு. கலப்படம் பண்ணி அதுக்கு நல்ல பேரும் வாங்கின ஒரே யாவாரி இவராத்தான் இருப்பாரு.

"அதென்ன பாப்பா?"ன்னாரு அப்பா.

"லெமன் சோடாப்பா"ன்னு தம்பி எனக்கு முந்தி சொல்லிட்டான். பாதி உண்மை, பாதி பொய், ராட்லர் மாதிரியே. அந்த வெயில்ல அது எறங்கின மாதிரி எதுவும் எறங்கினதில்ல, ஆனா ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு முதுகு கூசுச்சு. நாப்பது வயசு பொம்பளைக்கு!

சாப்பாட்டுல எனக்கு புடிச்சது ஓபாட்ஸ்டா. நல்லா கனிஞ்ச கமம்பேர் சீஸ எடுத்து வெண்ணெய் போட்டு பெசஞ்சு, பாப்ரிகா பொடி, வெங்காயம், கொஞ்சூண்டு பீரு, எல்லாம் சேத்து உருட்டி வைக்கிறாங்க. நல்லெண்ணெய் ஊத்திக் கொழச்ச இட்லிப் பொடி கலரு. மேல வெங்காயத்த வட்டமா அரிஞ்சு போட்டு, பக்கத்துல வெங்காயத்தாள விட மெலிசா ஒரு கீரையத் தூவி. பிரெட்சன பிச்சு அதுல அழுத்தி எடுத்தா மொதல்ல சீஸ் நாத்தம், அடுத்து உப்பு, அப்புறம்தான் காரம் இல்லாத ஒரு மொளகா வாசம். எனக்கு புடிச்சுது, தம்பி பொண்டாட்டி "எனக்கு இன்னும் பழகல அண்ணி"ன்னு வெள்ள முள்ளங்கி வாங்கிட்டா. ராடின்னு பேரு. முழு முள்ளங்கிய அறுந்து போகாம சுருள் சுருளா சீவி உப்பு தூவி தர்றாங்க, ரெண்டு நிமிஷம் வச்சா தண்ணி விடும், "முள்ளங்கி அழணும், அப்பதான் திங்கணும்"னு சொல்லுவாங்களாம்.

இதெல்லாம் விட அப்பாவ திருப்பினது பக்கத்து பெஞ்சு. ஒரு அறுவது வயசு அம்மா வந்தாங்க, கூடைல இருந்து கட்டம் போட்ட துணிய எடுத்து டேபிள்ல விரிச்சாங்க. அப்புறம் ஒரு மரப்பலக, ஒரு கத்தி. டப்பால முள்ளங்கி, டப்பால தக்காளி, டப்பால உருளைக்கெழங்கு சாலட், காயிதத்துல சுத்தின ரொட்டி. சின்ன உப்பு டப்பா கூட வீட்டு உப்பு டப்பா. பீர் மட்டும் போயி வாங்கிட்டு வந்தாங்க. அப்பா குறுக்கால உக்காந்திருந்தவரு நேரா திரும்பிட்டாரு.

"அது வீட்ல இருந்து கொண்டாந்ததா?"

"ஆமாப்பா."

"ஓட்டல்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானா? வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லைன்னு போர்டு வச்சிருப்பானே?"

"சொல்ல முடியாதுப்பா. சட்டம் இருக்கு."

சட்டம்னு கேட்டதும் கெழவருக்கு கண்ணுல லைட்டு எரிஞ்சுச்சு. தம்பியும் சரியான ஆளு, புடிச்சுக்கிட்டான். 1812 ஜனவரி 4ந் தேதி பவேரியா, அதாவது மியூனிக் இருக்கிற மாநிலம், அதோட ராஜா மாக்ஸ் யோசஃப் ஒரு உத்தரவு போட்டாரு. பீர் காய்ச்சுறவங்க ஊருக்கு வெளிய அவங்க நிலவறை மேலயே மரத்தடியில வச்சு நேரா சனங்களுக்கு விக்க ஆரம்பிச்சதால ஊருக்குள்ள சத்திரம் வச்சிருந்தவன் யாவாரம் படுத்துருச்சு, அவங்க போயி ராஜாகிட்ட அழுதாங்க. ராஜா ரெண்டு பேர் மனசும் நோகாம தீர்ப்பு சொன்னாரு, நீ பீர் வித்துக்கோ, ஆனா ரொட்டியத் தவிர வேற சாப்பாடு விக்கக்கூடாது. அப்ப சாப்பாடு வேணும்னா? வீட்ல இருந்து கட்டிட்டு வா. அதுதான் ஆரம்பம். சாப்பாடு விக்கக் கூடாதுங்கிற தடை போயி ரொம்ப நாளாச்சு, கட்டிட்டு வர்ற பழக்கம் மட்டும் போகல. 1999 ஏப்ரல் 20ல பவேரியா அரசாங்கம் பீர் கார்டனுக்குன்னே தனியா ஒரு ஆணை போட்டுச்சு, அதுல பீர் கார்டன்னா என்னன்னு வெளக்கம் எழுதறப்பவே, தோட்டம், அப்புறம் வர்றவங்க சொந்த சாப்பாட்ட கொண்டாந்து திங்கலாம், ரெண்டும் இருக்கணும்னு போட்டிருக்கு.

"ஜி.ஓ.வே போட்டிருக்கானா?"

"ஜி.ஓ.தான்ப்பா. அதுக்கு ஒரு போராட்டமே நடந்திருக்கு." 1995ல மியூனிக்குக்கு பக்கத்துல ஒரு பீர் கார்டன, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் தாங்கலன்னு கேஸ் போட்டதுல ராத்திரி ஒம்பதரைக்கே மூடணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு. மே 12ந் தேதி 20 ஆயிரம் பேருக்கு மேல மியூனிக் ரோட்ல எறங்கிட்டாங்க. பீர் கார்டன் புரட்சின்னே அதுக்கு பேரு. கடைசில பாட்டுக் கச்சேரி பத்து மணி வரைக்கும், பரிமாறுறது பத்தரை வரைக்கும், பதினொண்ணுக்கு எல்லாரும் கெளம்பணும்னு ஆணைல எழுதிட்டாங்க.

அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம அந்த கட்டம் போட்ட துணியவே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் தம்பி பொண்டாட்டிகிட்ட, "ஏம்மா, வீட்ல புளி இருக்கா?"ன்னாரு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். குளவி. இனிப்பா எது இருந்தாலும் மஞ்சளும் கருப்பும் கோடு போட்ட குளவி வந்து குவளைக்குள்ள எட்டிப் பாக்கும். அடிக்கக்கூடாதாம், காரணமில்லாம கொல்றது இங்க சட்டப்படி தப்பு. அதனால குவளைக்கு அடில வைக்கிற அந்த வட்ட அட்டைய எடுத்து மேல மூடி போட்டுர்றாங்க. அட்டைய தூக்கி ஒரு வாய், மறுபடி மூடி.

ராத்திரி அப்பா டைரி நோட்ட எடுத்து கணக்கெழுதினாரு. ஒவ்வொண்ணும் எவ்ளோன்னு கேட்டாரு, தம்பி சொல்லச் சொல்ல எழுதினாரு.

நாள் 3, திங்கக்கெழம

மழ. இடி மின்னலோட மூணு மணி நேரம். பீர் கார்டனெல்லாம் மழை பேஞ்சா அவ்ளோதான், பெஞ்சு நனைஞ்சா யாவாரம் படுத்துரும்.

சாயங்காலம் விட்டதும் மெயின் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற ஆசியக் கடைக்குப் போயி நல்லெண்ணெய், புளி, அப்பளம், கருவேப்பில. கருவேப்பில வெலைய நான் இங்க எழுத மாட்டேன், படிக்கிறவங்களுக்கு நெஞ்சு வலிக்கும். திரும்ப வர்றப்ப நடந்து அவுகுஸ்டினர் கெல்லர்ங்கிற பீர் கார்டன் வாசல் வரைக்கும் போனோம். ஈர மரம், காலி பெஞ்சு, மழைல அடிச்ச சருகு வாசன, அவ்ளோ நல்லா இருந்துச்சு. கெல்லர்னா நிலவறை. 1539ல ஒரு சட்டம், செப்டம்பர் 29ல இருந்து ஏப்ரல் 23 வரைக்கும்தான் பீர் காய்ச்சலாம், கோடைல அடுப்பு எரிச்சா ஊரே பத்திக்கும், சரக்கும் கெட்டுப் போகும். அப்ப கோடைக்கு வேணுங்கிறத முன்னாடியே காய்ச்சி சேத்து வைக்கணும், அதுக்கு பள்ளம் தோண்டி, குளத்துல ஒறைஞ்ச ஐச வெட்டிட்டு வந்து போட்டு, மேல வெயில் படாம இருக்க செஸ்ட்நட் மரம். ஏன் அந்த மரம்னா எல அகலம், நெழல் அடர்த்தி, வேரு ஆழமா போகாது, அதனால நிலவறை கூரைய ஒடைக்காது. கீழ ஜல்லி கொட்டிட்டாங்க. அப்புறம் எவனோ ஒருத்தன் அந்த நெழல்ல ஒரு பெஞ்சத் தூக்கிப் போட்டிருக்கான், மத்ததெல்லாம் அதுல வந்ததுதான்.

அப்பா ராத்திரி புளி ஊற வச்சாரு. அவரே.

நாள் 4, செவ்வாக்கெழம

காலைல அஞ்சு மணிக்கு கடுகு வெடிக்கிற சத்தம். ஸ்மோக் அலாரம் அடிச்சு தம்பி நாற்காலி போட்டு ஏறி நிறுத்தினான். புளியோதரை, உருளைக்கெழங்கு பொரியல், தயிர்சாதம், அப்பளம், அப்பா பொட்டிக்குள்ள வேட்டில சுத்திக் கொண்டாந்த மாங்கா ஊறுகா. எவர்சில்வர் டப்பா ஒண்ணு கூட இல்ல, எல்லாம் பிளாஸ்டிக், அதுல அப்பாவுக்கு வருத்தம்.

ஹிர்ஷ்கார்டன். எஸ்-பான்கிற லோக்கல் ரயில் ஸ்டேஷன் பேரே அதுதான், எறங்கி நடக்கிற தூரம். ஹிர்ஷ்னா கலமான். 1780ல ராஜ குடும்பத்துக்கு வேட்டையாட மான் வளக்கிற காடா ஆரம்பிச்சாங்க, இப்பயும் ஒரு ஓரத்துல வேலி போட்டு மான் நிக்குது, அதுங்க முன்னாடியே 8000 பேர் உக்காந்து சாப்பிடற பீர் கார்டன். நாங்க போனப்ப பதினொண்ணரை, இன்னும் கூட்டம் சேரல.

மொதல்ல ஒரு கூத்து. நல்ல நெழலா பாத்து உக்காந்து கடைய விரிச்சுட்டோம், ஒரு அக்கா நேரா வந்து டேபிள் துணியக் காட்டி தலைய ஆட்டுறாங்க. துணி போட்ட டேபிள்னா ஆள் வந்து பரிமாறுற ஹோட்டல் பகுதி, அங்க வீட்டு சாப்பாடு தொறக்கக்கூடாது. துணி இல்லாத வெறும் டேபிள்லதான் நம்ம ராஜ்ஜியம். சரின்னு மாறி உக்காந்தா அங்க நடுவுல ஒரு சின்ன போர்டு, ஸ்டாம்டிஷ், வாடிக்கையா வர்றவங்களுக்குன்னு ஒதுக்கினது. திரும்பவும் மூட்டைய கட்டி மூணாவது டேபிள். அப்பா "ஒரு பட்டா மாத்தறதுக்கு இவ்ளோ அலைய வேண்டாம்"னாரு. பத்து வருஷம் கழிச்சு அவர் ஜோக் அடிச்சு கேக்கறேன்.

இங்க இன்னொரு வழக்கம். குவளைய அவங்க எடுத்துத் தர மாட்டாங்க, அலமாரில அடுக்கியிருக்கிறத நீங்களே எடுத்து, தண்ணித் தொட்டில கழுவிட்டு, அத ஈரத்தோட கொண்டு போயி நீட்டணும். அவுகுஸ்டினர் மரப் பீப்பாய்ல இருந்து புடிச்சுக் குடுக்கிறாங்க, அந்த 200 லிட்டர் பீப்பாய்க்கும் பேரு ஹிர்ஷ்தான். அப்பாவுக்கு குவளை கழுவற விஷயம் ரொம்ப புடிச்சுப் போச்சு. "நம்ம தம்ளர நம்ம கழுவிக்கிறது. சுத்தம்"னு சொல்லி அவரே தொட்டிக்கு வந்து, உள்ள கைய விட்டு, எங்க வீட்டு சொம்பு கழுவற மாதிரி தேச்சு தேச்சுக் கழுவி, தலைகீழா கவுத்தி தண்ணிய உதறி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. பின்னால ஆறு பேர் வரிசைல நிக்கிறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் தம்பிய பாத்து, "எனக்கு அந்த ஆப்பிளு. பேரனுக்கும் அதே. பாப்பாவுக்கு..."ன்னு நிறுத்தினாரு. நான் டப்பா மூடிய தொறக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"பாப்பாவுக்கு அந்த ராட்லரு."

உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சு. தம்பி என்னப் பாக்கறான், நான் தம்பியப் பாக்கறேன், தம்பி பொண்டாட்டி அப்பளக் கவர பிரிக்கிறதையே வாழ்நாள் வேலையா செய்யறா. அப்பா எங்க யாரையும் பாக்கல. "போர்டுல போட்டிருந்தான், லெமன் சோடாவுக்கு ஒரு வெல, இதுக்கு ஒரு வெல. கணக்கு ஒதைச்சுச்சு"ன்னு சொல்லிட்டு குவளைய தம்பி கைல திணிச்சுட்டு போயி உக்காந்துட்டாரு. நாப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல கணக்குப் பாத்த மனுஷன்கிட்ட பில்ல மறைக்கலாம்னு நெனச்சது எங்க தப்புதான்.

புளியோதரை அவ்ளோ நல்லா வந்திருந்துச்சு. ஊறின சோறு, கைல எடுத்தா எண்ணெ லேசா ஒட்டுது, நெலக்கடலை இன்னும் நொறுங்குது. செஸ்ட்நட் எல ஓரமெல்லாம் இப்பவே பழுப்படிச்சிருக்கு, ஒரு சின்னப் பூச்சி எலைக்குள்ள பூந்து திங்குதாம், அந்த எலைல ஒண்ணு சுத்தி சுத்தி வந்து தயிர்சாதத்துல விழுந்துச்சு, அப்பா எடுத்துப் போட்டுட்டு சாப்பிட்டாரு. அதே பெஞ்சோட அந்தக் கோடில ஒரு தாத்தா, தனியா, அப்பா வயசுதான் இருக்கும், முன்னாடி ஒரு மாஸ், காயிதத்துல ரொட்டியும் ஒரு துண்டு சீஸும். வாசன அவர எட்டியிருச்சு போல, மூக்கு இந்தப் பக்கம் திரும்புது. அப்பா ஒரு அப்பளத்த எடுத்து பெஞ்சு வழியா நீட்டினாரு. தாத்தா அத ரெண்டு கைல வாங்கி வெயிலுக்கு நேரா புடிச்சு அந்தப் பக்கம் தெரியுதான்னு பாத்துட்டு கடிச்சாரு, சத்தம் கேட்டு அவரே திடுக்கிட்டாரு. அப்புறம் அவரு கத்திய எடுத்து சீஸ்ல பாதிய வெட்டி ரொட்டி மேல வச்சு அனுப்பினாரு. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்கு தமிழ் தெரியாது, ஊறுகா வேண்டாம்னு மட்டும் நாங்க எல்லாரும் சேந்து கையாட்டி தடுத்தோம், கேக்காம தொட்டு நாக்குல வச்சாரு. மாஸ்ல கால்வாசி ஒரே மூச்சுல போச்சு. குவளைய அப்பா பக்கமா தூக்கி "புரோஸ்ட்"னாரு, சியர்ஸ் சொல்ற மாதிரி. அப்பா ஒரு நொடி முழிச்சுட்டு ஆப்பிள் சோடாவ தூக்கி இடிச்சாரு. இடிக்கிறப்ப கண்ணப் பாக்கணும்கிறது இங்க மொற, அது யாரும் சொல்லித் தராமலே பாத்தாரு.

என் ராட்லர் எனக்கு முன்னாடி அப்டியே நொர அடங்கிட்டு நின்னுச்சு. எடுக்கவும் முடியல, வேண்டாம்னு தள்ளவும் முடியல. பேண்டு எதுவும் இல்ல இங்க, ஜல்லிக்கல்லுல ஆளுங்க நடக்கிற சத்தம், தூரத்துல கொழந்தைங்க சத்தம். பேரன் மானுக்கு புளியோதரை போடலாமான்னு கேக்கறான், அவங்கம்மா கூடாதுன்னு சொல்றா, ஏன்னு கேக்கறான். ஒரு குளவி வந்துச்சு. என் குவளை விளிம்புல உக்காந்து, ரெண்டடி நடந்து, உள்ள எட்டிப் பாத்துச்சு.

அப்பா தயிர்சாதக் கைய டப்பா மூடில தொடச்சுக்கிட்டு, அவரு குவளைக்கு அடியில இருந்த அட்டைய உருவி, குளவி பறக்கிற வரைக்கும் மெதுவா ஆட்டி, என் குவளை மேல மூடி வச்சாரு.

"விழுந்து தொலைக்கும். பாத்துக் குடி"ன்னாரு.